ஒரே துறைமுகம், ஒரே வருடம்: 1635-ல் லண்டனில் கப்பல் ஏறியவர்கள்

1635-ஆம் வருடத்து லண்டன் துறைமுகப் பதிவேடு ஒன்று இருக்கிறது. கப்பலின் பெயர், தேதி, ஏறுகிற ஆளின் பெயர், வயது, போகிற இடம். பெரும்பாலும் அவ்வளவுதான். ஜான் கேம்டன் ஹாட்டன் என்பவர் 1874-ல் இதை அச்சில் கொண்டுவந்தார். ஸ்கேன் செய்த பிரதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல், ஆபீஸ் கால் எல்லாம் முடிந்த பிறகு, நாலைந்து வாரமாக இதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். மனைவி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "டெலிபோன் டைரக்டரியைப் படிக்கிற மாதிரி இருக்கே" என்றாள். பார்க்க அப்படித்தான் இருக்கும்.

ஆலிசன் கேம்ஸ் என்ற வரலாற்றாசிரியர் இந்தப் பதிவேட்டை அடிப்படையாக வைத்து ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். அவர் கணக்குப்படி அந்த ஒரு வருடத்தில் லண்டனிலிருந்து காலனிகளுக்குப் போனவர்கள் 4,878 பேர். வர்ஜீனியாவுக்கு 2,009. நியூ இங்கிலாந்துக்கு 1,169. பார்படோஸுக்கு 983. செயின்ட் கிட்ஸுக்கு 423. பெர்முடாவுக்கு 218. கடைசியாக, பிராவிடன்ஸ் தீவு என்ற இடத்துக்கு 76 பேர். இந்த 76 பேரை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்கள்.

இதை நான் தோண்ட ஆரம்பித்ததற்குக் காரணம், என் பழைய கட்டுரை ஒன்று. மூன்று வருடத்துக்கு முன்னால், அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் ஏன் ஆரம்பத்திலிருந்தே வேறு வேறாக இருந்தன என்று எழுதியிருந்தேன். டேவிட் ஹேக்கட் ஃபிஷர் 1989-ல் எழுதிய பிரபலமான புத்தகத்தைப் படித்த சூட்டில் எழுதியது. ஃபிஷரின் வாதம் சுருக்கமாக இதுதான்: இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா வட்டாரத்துப் பியூரிட்டன்கள் மாசசூசெட்ஸுக்குப் போனார்கள், தெற்கு, தென்மேற்கு மாவட்டத்துக்காரர்கள் வர்ஜீனியாவுக்குப் போனார்கள், அவரவர் ஊர்ப் பழக்கத்தை அவரவர் கொண்டுபோனார்கள். நான் அதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், "வடக்கே போனவன் கட்டுப்பாடானவன், தெற்கே போனவன் சொகுசுக்காரன், குணம் அப்படி" என்கிற தொனியில் முடித்திருந்தேன். இப்போது அதைப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. ஃபிஷர் சொன்னதில் நிறைய உண்மை உண்டு. தப்பு, நான் அதை முழு விளக்கமாக எடுத்துக்கொண்டது. பாதி விஷயம் அந்தத் துறைமுகப் பட்டியலிலேயே இருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

பட்டியலில் வர்ஜீனியா கப்பல் ஒன்றின் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு எதிரே வயது: இருபது, பதினெட்டு, இருபத்திரண்டு, பத்தொன்பது, மறுபடியும் இருபது. பக்கம் பக்கமாக இப்படியே போகும். நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு மேல் ஆண்கள். பார்படோஸ் கப்பல்களில் இது தொண்ணூறையும் தாண்டும். நியூ இங்கிலாந்து கப்பலுக்கு வந்தால் பக்கத்தின் தோற்றமே மாறுகிறது. தையல்காரர், வயது முப்பதுக்கு மேல், அடுத்த வரியில் மனைவி, அதற்கடுத்து ஏழு வயது, நாலு வயது, ஒரு வயது என்று குழந்தைகள், கடைசியில் வீட்டு வேலைக்கு ஒரு பையன். ஆண்கள் நூற்றுக்கு அறுபதுதான். கூடவே, இவர்கள் அரசின் திருச்சபைக்கு அடங்கி நடப்பவர்கள் என்று ஊர்ப் பாதிரியார் கொடுத்த சான்றிதழ் பற்றிய குறிப்பும் இருக்கும். அந்தத் திருச்சபை பிடிக்காமல்தான் இவர்களில் பலர் ஊரைவிட்டே போகிறார்கள் என்பது வேறு விஷயம். சான்றிதழ் வாங்குகிற கலை எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

அதாவது ஒரு இடத்துக்குக் குடும்பம் போகிறது, இன்னொரு இடத்துக்குத் தனி ஆள் போகிறான். அந்தத் தனி ஆள் யார்? ஒப்பந்தக் கூலி. இந்தச் சொல் நமக்கு ஃபிஜி, மொரிஷியஸ், நேட்டால் கதைகளிலிருந்து பழக்கமானது. இருநூறு வருடத்துக்கு முன்பே ஆங்கிலேயன் தன் சொந்த ஊர்ப் பையன்களை வைத்து அந்த முறையைப் பழகிவிட்டான். கப்பல் கூலி கொடுக்க வழியில்லாதவன், நாலு முதல் ஏழு வருடம் உழைத்துத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஏறுவான். அந்தக் காகிதத்தைக் கரையில் ஒரு தோட்டக்காரன் விலைக்கு வாங்கிக்கொள்வான். 17-ஆம் நூற்றாண்டில் வர்ஜீனியா, மேரிலாந்து இரண்டுக்கும் போன ஆங்கிலேயரில் முக்கால்வாசிப் பேர் இப்படிப் போனவர்கள்தான்.

வாங்குகிறவனுக்கு இன்னொரு லாபமும் இருந்தது. 1618-லிருந்து, ஒரு ஆளின் கப்பல் கூலியைக் கட்டினால் தலைக்கு ஐம்பது ஏக்கர் நிலம். ஆள் பிழைத்தானா செத்தானா என்பது நிலக் கணக்கில் வராது. அதே 1635-ல் ஜார்ஜ் மெனிஃபி என்ற வர்ஜீனியா வணிகர் நிலத்துக்காகக் காட்டிய தலைகளில் "டோனி, கிழக்கிந்தியன்" என்று ஒரு பெயர் வருகிறது. நம் பக்கத்திலிருந்து அங்கே போனதாகப் பதிவான முதல் ஆட்களில் ஒருவர். ஐம்பது ஏக்கர் மெனிஃபிக்கு.

சரி, போன பையன்கள் என்ன ஆனார்கள்? ரொம்பப் பேர் செத்துப்போனார்கள். ஜேம்ஸ்டவுன் 1607-ல் 104 ஆண்களும் பையன்களுமாக ஆரம்பித்தது. 1609 குளிர்காலத்தில் 500 பேர் போல இருந்தவர்கள் அடுத்த வசந்தத்தில் சுமார் 60 பேர். அந்தக் குளிரில் இறந்த பதினாலு வயதுப் பெண் ஒருத்தியின் மண்டை ஓடு 2012-ல் தோண்டியபோது கிடைத்தது. அதில் இறைச்சிக்காக வெட்டிய தடங்கள். இதைப் படித்த அன்று அதற்கு மேல் எதுவும் படிக்க முடியவில்லை. 1607-க்கும் 1624-க்கும் நடுவில் ஆறாயிரம் பேருக்கு மேல் அங்கே அனுப்பப்பட்டார்கள். 1625 தொடக்கத்தில் தலை எண்ணியபோது உயிரோடு இருந்தவர்கள் சுமார் 1,200.

பட்டினி மட்டும் காரணம் இல்லை. 1622-ல் பவ்ஹாட்டன் மக்கள், தங்கள் நிலத்தைப் பிடுங்கியவர்கள் மேல் நடத்திய ஒரு நாள் தாக்குதலில் 347 பேர் இறந்தார்கள். ஆனால் வருடா வருடம் நிதானமாகக் கொன்றது தண்ணீர்தான். ஜேம்ஸ்டவுன் இருந்த இடத்தில் ஆற்றின் நல்ல தண்ணீரும் கடலின் ஏற்றத் தண்ணீரும் சந்திக்கும். கோடையில் ஆறு வற்றினால் உப்பு மேலே ஏறி வரும், கழிவு கடலுக்குப் போகாமல் அங்கேயே சுற்றும். அதையே குடிப்பார்கள். டைபாய்டு, சீதபேதி. பிறகு கொசு. இங்கிலாந்தின் சதுப்பு நிலங்களிலிருந்து ஒரு வகை மலேரியாவும், அடிமைக் கப்பல்கள் வழியாக அதைவிடக் கொடிய ஆப்பிரிக்க வகையும் வந்து சேர்ந்தன. புதிதாக வந்தவன் முதல் கோடையைத் தாண்டுவதற்கு "பதப்படுவது" என்றே பெயர் வைத்திருந்தார்கள், மரத்தைக் காயப்போட்டுப் பதப்படுத்துகிற மாதிரி.

வடக்கே மட்டும் சொர்க்கமா என்றால் இல்லை. 1620-ல் மேஃப்ளவர் கப்பலில் போன 102 பேரில் பாதிப் பேர் முதல் குளிரிலேயே போய்விட்டார்கள். ஆனால் அந்த முதல் அடிக்குப் பிறகு அங்கே சாவு சட்டென்று குறைந்தது. ஓடைத் தண்ணீர் சுத்தம், குளிரில் கொசு நிற்காது, ஊர்கள் சிறியவை, கப்பல் போக்குவரத்து கம்மி. இன்னொன்றும் உண்டு. அவர்கள் வருவதற்குச் சில வருடம் முன்பு, 1616-லிருந்து 1619 வரை, அந்தக் கடற்கரைப் பழங்குடிகளை ஒரு கொள்ளைநோய் கூண்டோடு அழித்திருந்தது. காடு வெட்டிச் சீர்செய்த வயல்கள் ஆள் இல்லாமல் கிடந்தன. ஆண்டவன் நமக்காக இடத்தைக் காலி செய்து கொடுத்தான் என்று இவர்கள் எழுதி வைத்தார்கள்.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். மாசசூசெட்ஸின் ஆண்டோவர் என்ற ஊரை பிலிப் கிரீவன் என்பவர் குடும்பம் குடும்பமாக ஆராய்ந்து 1970-ல் ஒரு புத்தகம் எழுதினார். அங்கே குடியேறிய முதல் தலைமுறை ஆண்களும் பெண்களும் சராசரியாக எழுபது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில்! ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக எட்டுக்கு மேல் குழந்தைகள், அதில் ஏழு பேர் பெரியவர்களாக வளர்ந்திருக்கிறார்கள். தாத்தா பாட்டி என்பவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள்.

அதே காலத்தில் வர்ஜீனியாவின் மிடில்செக்ஸ் மாவட்டம். டேரட் ரட்மன், அனிதா ரட்மன் என்ற தம்பதி எடுத்த கணக்கு: ஐந்து வயதுக்குள் நாலில் ஒரு குழந்தை அப்பாவையோ அம்மாவையோ இரண்டு பேரையுமோ இழந்திருக்கும். பதின்மூன்று வயதில் பாதிக் குழந்தைகள். இருபத்தொரு வயதாகும்போது, அல்லது கல்யாணத்தின்போது, கிட்டத்தட்ட முக்கால்வாசி. பக்கத்து மேரிலாந்தில் இருபதுகளின் தொடக்கத்தில் வந்து இறங்கிய ஆண் சராசரியாக நாற்பதுகளின் நடுவில் இறந்தான். அங்கே தாத்தாவைக் கண்ணால் பார்த்த குழந்தை அபூர்வம்.

எனக்கு அப்பா தவறியபோது வயது பதினொன்று. வீட்டில் தாத்தா இருந்தார், பெரியப்பா இருந்தார், பள்ளிக்கூட ஃபீஸ் எப்படியோ கட்டப்பட்டது, நான் பி.ஈ. வரைக்கும் வந்தேன். ரட்மன்களின் அட்டவணையைப் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது அதுதான். அங்கே பெரியப்பா கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். தாத்தா இல்லை. அம்மா இன்னொருவரைக் கல்யாணம் செய்துகொள்கிறாள், பிறகு அவளும் போய்விடுகிறாள். மாற்றாந்தகப்பன் மறுபடி கல்யாணம் செய்கிறான். அந்த வீட்டில் இருக்கிற இரண்டு பெரியவர்களுமே இந்தக் குழந்தைக்கு ரத்த உறவு இல்லை.

இது எவ்வளவு சகஜமாக இருந்தது என்பதை அவர்களுடைய உயில்களின் மொழியிலேயே பார்க்கலாம். ஒருவன் உயிலில் மனைவியைக் குறிப்பிடும்போது "என் இப்போதைய மனைவி" என்று எழுதுகிறான். அதில் கேலியோ கோபமோ இல்லை, சாதாரணச் சட்ட வழக்கு. மருமகன் என்று நாம் படிக்கிற ஆங்கிலச் சொல்லுக்கு அந்த ஆவணங்களில் பல இடங்களில் மனைவியின் முந்தைய கணவனுக்குப் பிறந்த பிள்ளை என்று அர்த்தம். அத்தை மகன், மாமன் மகள் என்று ஒவ்வொரு உறவுக்கும் தனிச் சொல் வைத்திருக்கிற நமக்கு அவர்களுடைய வார்த்தைப் பஞ்சம் விநோதமாகத் தெரியும்.

அரசாங்கம் என்ன செய்தது? நீதிமன்றமே தாத்தாவின் வேலையைப் பார்த்தது. மாவட்ட நீதிமன்றம் வருடத்துக்கு ஒருமுறை அனாதைகளுக்கென்றே கூடும். காப்பாளர்கள் வந்து கணக்குக் காட்ட வேண்டும். பையனுக்கு அப்பன் விட்டுப்போன மாடு எத்தனை, கன்று எத்தனை, சொத்தை யாராவது தின்றுவிட்டார்களா, பையனுக்குச் சோறும் துணியும் ஒழுங்காகக் கிடைக்கிறதா. சொத்து இல்லாத பிள்ளையை யார் வீட்டிலாவது வேலைக்கு எழுதி வைத்துவிடுவார்கள். இங்கிலாந்திலும் சரி, மாசசூசெட்ஸிலும் சரி, ஒவ்வொரு மாவட்டத்திலும் இப்படி ஒரு ஏற்பாட்டுக்குத் தேவையே வரவில்லை. தெற்கே தேவை வந்தது.

பெண்கள் நிலைமையும் இதனால்தான் மாறியது. ஆணுக்குப் பெண் கிடைப்பது கஷ்டம். 1621-ல் கம்பெனியே 57 பெண்களைக் கப்பலில் அனுப்பி, கட்டிக்கொள்கிறவன் ஒரு பெண்ணுக்கு 150 பவுண்டு நல்ல புகையிலை கட்ட வேண்டும் என்று விதித்தது. ஒரு கணவன் சாகும்போது குழந்தைகள் சின்னதாக இருக்கும், நம்பி ஒப்படைக்க அண்ணன் தம்பி இல்லை, ஆகவே சட்டப்படி வர வேண்டிய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மனைவி பேருக்கே எழுதி, அவளையே உயிலை நிறைவேற்றுகிறவளாகவும் வைத்துவிட்டுப் போவான். நிலமும் அடிமைகளும் உள்ள விதவைக்கு மறுநாளே வரன் வரும். ஃபிரான்சஸ் கல்பெப்பர் என்ற அம்மையார் வரிசையாக மூன்று கவர்னர்களைக் கல்யாணம் செய்துகொண்டார். நடுவில் உள்ளவர் வில்லியம் பெர்க்லி, வர்ஜீனியாவின் மிகப் பிரபலமான கவர்னர்.

வடக்கே நேர்மாறு. அப்பா எழுபது வயது வரைக்கும் கல் மாதிரி உட்கார்ந்திருப்பார், நிலம் அவர் பேரில். மகனுக்கு ஒரு துண்டு நிலத்தில் வீடு கட்டிக்கொள்ள அனுமதி கொடுப்பார், பத்திரம் கொடுக்க மாட்டார். ஆண்டோவரின் இரண்டாம் தலைமுறை ஆண்கள் சராசரியாக இருபத்தேழு வயதில்தான் கல்யாணம் செய்திருக்கிறார்கள். நாற்பது வயதில்கூட அப்பாவின் நிலத்தில் உழுதுகொண்டிருந்த மகன்கள் உண்டு. வழிபாட்டுக் கூடத்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு ஒரு கமிட்டி. வயதுக்கு முன்வரிசை, கூடவே பணத்துக்கும் அந்தஸ்துக்கும். பியூரிட்டன் கட்டுப்பாடு என்று நான் அன்றைக்கு எழுதியதில் ஒரு பங்கு, அப்பாக்கள் சாகாமல் இருந்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஊர் அமைப்புக்கு வந்தால், புகையிலை மூன்று நாலு வருடத்தில் நிலத்தைச் சக்கையாக்கிவிடும். பிறகு இருபது வருடம் சும்மா போட வேண்டும். ஆகவே ஒவ்வொருவனுக்கும் நிறைய நிலம் வேண்டும், ஆற்றங்கரையாக வேண்டும், கப்பல் வீட்டு வாசலுக்கே வந்து பீப்பாயை ஏற்றிக்கொண்டு போகும். ஊர் எதற்கு, சந்தை எதற்கு? அபராதம், பாதிரியார் சம்பளம், வரி எல்லாமே புகையிலை எடையில். 1674-ல் யார்க் மாவட்டத்தில் ஜேம்ஸ் புல்லக் என்ற தையல்காரர் தன் குதிரையைக் கனவான் ஒருவரின் குதிரையோடு பந்தயம் விட்டதற்காக 100 பவுண்டு புகையிலை அபராதம் கட்டினார். பந்தயம் கனவான்களுக்கு மட்டுமான விளையாட்டாம். அந்தக் கனவானும் பந்தயத்தில் தில்லுமுல்லு செய்ததற்காக ஒரு மணி நேரம் தொழுமரத்தில் கால் மாட்டி உட்கார வைக்கப்பட்டார், அது ஒரு ஆறுதல். மாசசூசெட்ஸில் இதே காலத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் (1659-லிருந்து 1681 வரை இந்தச் சட்டம் இருந்தது). 1635-ல் அங்கே இன்னொரு சட்டம்: புதிதாகக் கட்டுகிற வீடு வழிபாட்டுக் கூடத்திலிருந்து அரை மைலுக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. ஐந்து வருடத்தில் அதைக் கைவிட்டார்கள், ஆனாலும் ஊர் என்றால் கூட்டமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் தங்கிவிட்டது.

பள்ளிக்கூடம் பற்றித்தான் நான் அதிகம் தப்பு செய்திருந்தேன். 1647-ல் மாசசூசெட்ஸ், ஐம்பது குடும்பம் உள்ள ஊரில் ஒரு வாத்தியார் கட்டாயம் என்று சட்டம் போட்டது. ஹார்வர்ட் 1636-லேயே வந்துவிட்டது. (பக்கத்துக் கனெக்டிகட்டில் 1701-ல் ஆரம்பித்த கல்லூரி, மதராஸில் கவர்னராக இருந்து சம்பாதித்த எலிஹு யேல் அனுப்பிய ஒன்பது மூட்டைச் சரக்கை விற்ற பணத்தால் 1718-ல் அவர் பெயரை வைத்துக்கொண்டது. அதைத் தனியாக எழுதுகிறேன்.) வர்ஜீனியாவிலோ 1671-ல் கவர்னர் பெர்க்லி, இங்கே இலவசப் பள்ளிக்கூடமும் இல்லை அச்சுக்கூடமும் இல்லை, ஆண்டவனுக்கு நன்றி, இன்னும் நூறு வருடத்துக்கு வராமல் இருக்கட்டும் என்று லண்டனுக்கு எழுதினார். நானும் அதை மேற்கோள் காட்டி, "பார்த்தீர்களா குணத்தை" என்று எழுதியிருந்தேன்.

ஆனால் பெஞ்சமின் சிம்ஸ் என்று ஒரு வர்ஜீனியாக்காரர் இருந்தார். 1635-ல், நாம் பார்த்த அதே வருடத்தில், உயில் எழுதி வைத்தார்: 200 ஏக்கர் நிலமும் எட்டுப் பசுமாடும் ஊர்ப் பிள்ளைகளின் இலவசப் பள்ளிக்கூடத்துக்கு. ஹார்வர்டுக்கும் ஒரு வருடம் முந்தியது. பள்ளிக்கூடம் நடக்கவும் செய்தது. பெர்க்லி நன்றி சொன்னபோது அதைக் கவனிக்கவில்லை போலும். ஆசை இல்லாமல் இல்லை. ஐம்பது குடும்பத்துக்கு ஒரு வாத்தியார் என்ற சட்டம் வேலை செய்ய வேண்டுமென்றால், ஒரு குழந்தை நடந்து போகிற தூரத்துக்குள் ஐம்பது குடும்பம் இருக்க வேண்டும். ஆற்றங்கரையில் மைலுக்கு ஒரு வீடாகச் சிதறிக் கிடக்கிற இடத்தில், பாதி வீடுகளில் அப்பா இல்லாத நிலையில், அந்தச் சட்டத்தை யார் போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

வீடுகளும் அப்படித்தான். டெட்ஹாம் ஊரில் ஃபேர்பேங்க்ஸ் குடும்பம் 1640 வாக்கில் கட்டிய மர வீடு இன்றும் நிற்கிறது. வர்ஜீனியாவின் சாதாரணக் குடியானவன் மண்ணில் குழி தோண்டி மரக்கால் நட்டு, ஒன்று இரண்டு அறையில் வீடு கட்டினான். பத்து இருபது வருடத்தில் கால் உளுத்துவிடும். சோம்பேறித்தனம் என்று அந்தக் காலத்துப் பயணிகளே எழுதினார்கள். நாற்பத்தைந்து வயதில் சாகப்போகிறவன், நிலம் செத்ததும் இடம் மாறப்போகிறவன், அறுபது வருடத்துக்கு வீடு கட்டுவானா? இன்று அந்த வீடுகள் அகழ்வாய்வில் மண்ணில் வட்டமான கறுத்த கறைகளாக மட்டும் தெரிகின்றன.

அடிமை முறைக்கும் இந்தச் சாவுக் கணக்குக்கும் சம்பந்தம் உண்டு. 1619-லேயே ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாவுக்குக் கொண்டுவரப்பட்டுவிட்டார்கள். ஆனாலும் 1671-ல் பெர்க்லி கொடுத்த கணக்கில் 40,000 பேரில் அடிமைகள் 2,000, ஒப்பந்தக் கூலிகள் 6,000. எட்மண்ட் மார்கன் 1975-ல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார், படிக்கவே கொடூரமாக இருக்கும். வாங்கியவன் நாலைந்து வருடத்தில் செத்துப்போவான் என்றால் ஆயுள் முழுக்க உழைக்கிறவனுக்குக் கூடுதல் விலை கொடுப்பது நஷ்டம். சாவு குறைந்தது, இங்கிலாந்திலிருந்து கூலி வருவதும் குறைந்தது, கணக்கு மாறியது. இதற்குள் 1662-லேயே, தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று சட்டம் வந்திருந்தது.

இந்த இடத்தில் ஒரு வாசகர் கேட்கலாம்: அதெல்லாம் சரி, பியூரிட்டன்கள் அந்தக் கொசுக்காட்டுக்குப் போயிருந்தாலும் ஊர் கட்டி, பள்ளிக்கூடம் வைத்துத்தான் இருப்பார்கள், மதம் அவர்களை அப்படி வைத்திருக்கும் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். டெஸ்ட் செய்து பார்க்க முடியாத கேள்வி என்றும் நினைத்தேன்.

டெஸ்ட் நடந்திருக்கிறது. அந்த 76 பேர் போன பிராவிடன்ஸ் தீவு. நிகரகுவாவுக்குக் கிழக்கே, இன்று கொலம்பியாவுக்குச் சொந்தமான சின்னத் தீவு. மாசசூசெட்ஸ் ஆரம்பித்த அதே 1630 வாக்கில், அதே பியூரிட்டன் வட்டாரத்தைச் சேர்ந்த பெரிய மனிதர்கள் கம்பெனி போட்டு ஆரம்பித்த காலனி. வார்விக் பிரபு, சே அண்ட் சீல் பிரபு, புரூக் பிரபு. பின்னால் நாடாளுமன்றத்தில் அரசரையே எதிர்த்து நின்ற ஜான் பிம்தான் பொருளாளர். கேரன் குப்பர்மன் இதைப் பற்றி 1993-ல் எழுதிய புத்தகம்தான் என் பழைய கட்டுரைக்குச் சமாதி கட்டியது. புனிதமான சமூகம் அமைக்கிறோம் என்றுதான் போனார்கள். குடும்பங்களை அனுப்பாமல் பெரும்பாலும் கூலிப் பையன்களை அனுப்பினார்கள். நிலத்தைச் சொந்தமாகக் கொடுக்காமல் கம்பெனியே வைத்துக்கொண்டு வாரத்துக்கு விட்டது. புகையிலை, பருத்தி, பிறகு அடிமைகள், பிறகு ஸ்பானியக் கப்பல்களைக் கொள்ளையடிப்பது. அடிமைத்தனம் கிறிஸ்தவனுக்கு ஆகாது என்று சாமுவேல் ரிஷ்வொர்த் என்ற ஒருவர் அங்கேயே சொன்னார், கம்பெனி அவரைக் கண்டித்தது. 1638 மே மாதம் அந்தத் தீவில் அடிமைகள் கிளர்ந்தார்கள். ஆங்கிலேயக் காலனி ஒன்றில் நடந்த முதல் அடிமைக் கிளர்ச்சி அதுதான், பியூரிட்டன்களின் தீவில்.

எல்லாவற்றையும் தட்பவெப்பத்தின் தலையில் கட்டவும் முடியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். குப்பர்மன் அழுத்துவது நில உரிமையை. தன் பேரில் நிலம் இருந்தால் மனிதன் மாட்டுத்தொழுவம் கட்டுவான், மரம் நடுவான், மனைவியை வரவழைப்பான். யார் போனார்கள், நிலம் யாருடையது, எத்தனை நாள் உயிரோடு இருந்தார்கள் என்ற மூன்றும் பின்னிக்கொண்டு கிடக்கின்றன. தனித்தனியாகப் பிரித்து எதற்கு எவ்வளவு பங்கு என்று சொல்ல என்னிடம் வழியில்லை. ஆனால் "குணம்" என்று நான் எழுதியிருந்த இடத்தில் இந்த மூன்றையும் வைத்தால் கணக்கு நன்றாகவே வருகிறது. பழைய கட்டுரையின் மேலே ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறேன், அழிக்கவில்லை.

வடக்கையும் தெற்கையும் தனித்தனிப் பெட்டிகளாக வைத்ததும் என் இன்னொரு தப்பு. 1637 பீக்வாட் போரில் மாசசூசெட்ஸ்காரர்கள் பிடித்த பழங்குடிக் கைதிகளை வில்லியம் பியர்ஸ் என்ற கேப்டன் "டிசையர்" என்ற கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், இதே பிராவிடன்ஸ் தீவில் இறக்கினார். 1638 தொடக்கத்தில் அதே கப்பல் பாஸ்டனுக்குத் திரும்பியபோது பருத்தியும் புகையிலையும் ஆப்பிரிக்க அடிமைகளும் இருந்தன. பள்ளிக்கூடச் சட்டத்துக்கு ஒன்பது வருடம் முன்பு.

1641-ல் பியர்ஸ் மறுபடி அந்தத் தீவுக்குப் போனார். இந்தத் தடவை, குளிர் நாட்டைவிட்டு வெயில் நாட்டில் பிழைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பிய நியூ இங்கிலாந்துக்காரர்களை ஏற்றிக்கொண்டு. அந்த மே மாதத்தில்தான் ஸ்பானியர்கள் தீவைப் பிடித்திருந்தார்கள். பிடிபட்ட அடிமைகள் 381, ஆங்கிலேயர் தொகையும் ஏறக்குறைய அதே அளவு. விஷயம் தெரியாமல் துறைமுகத்துக்குள் நுழைந்த கப்பலைக் கரையிலிருந்து சுட்டார்கள். பியர்ஸ் இறந்துபோனார். பயணிகள் மாசசூசெட்ஸுக்கே திரும்பினார்கள்.